149 ரூபாய் பர்கர் எப்படி 228 ரூபாய் ஆகுது? கொண்டைக்கடலை, சாமை வெச்சு ஒரு சேமிப்புக் கணக்கு



ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி. வாரம் முழுக்க ஷிஃப்ட் பார்த்த களைப்பு. வேலை நாள்னா கேன்டீன் இருக்கு, கார்டைக் காட்டினா சாப்பாடு வந்துடும். வீக்லி ஆஃப் அன்னிக்குத்தான் கேன்டீனும் இல்லை, காலையில் எழுந்து சமைக்கத் தெம்பும் இல்லை. கீழே இறங்கி மெஸ் வரைக்கும் நடக்கவே சோம்பலா இருக்கும். கை தானா போனை எடுக்கும். "ஒரு பர்கர்தானே, 149 ரூபாய்தானே"ன்னு மனசு சொல்லும்.

ஒரகடம், வல்லம், மாத்தூர், படப்பை, சுங்குவார்சத்திரம்னு இந்தப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற யாருக்கும் இந்தக் காட்சி புதுசு கிடையாது. நம்ம சேனல்ல வரவு செலவு வீடியோ போடும்போதெல்லாம் ஒரே மாதிரி ஒரு கேள்வி வரும். "அண்ணா, சம்பளம் பத்தல. எங்க கட் பண்றதுன்னே தெரியல." வாடகையைக் கட் பண்ண முடியாது. ஊருக்கு அனுப்புற காசைக் கட் பண்ண முடியாது. வண்டி இஎம்ஐ ஓடிட்டு இருக்கு. மிச்சம் இருக்கிறது சாப்பாட்டு ஆப்.

"வெளியே சாப்பிடாதீங்க"ன்னு அட்வைஸ் பண்றதுக்காக இதை எழுதலை. அதைக் கேட்டு யாரும் நிறுத்தினதா எனக்குத் தெரியலை, நானும் நிறுத்தலை. பர்கர் வேணும்னா பர்கரே சாப்பிடுங்க. அதை ரூமிலேயே பருப்பு, தானியம் வெச்சு எப்படிச் செய்றது, அதுல நிஜமாவே எவ்வளவு மிச்சமாகும், அந்த மிச்சத்தை எப்படிக் கையில் நிக்க வைக்கிறது, இதுதான் இந்தப் பதிவு.

முதல்ல என் கதை

2021-ல் டிப்ளமோ முடிச்சுட்டு இந்தக் காரிடாரில் ஒரு கம்பெனியில டிரெய்னியா சேர்ந்தேன். ஒரு வருஷக் காண்ட்ராக்ட். ரினியூவல் கண்டிப்பா வரும்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் நம்பினேன். வரலை. அன்னிக்கு என் அக்கவுன்ட்ல இருந்தது 3,400 ரூபாய்.

அடுத்த வேலை கிடைக்க 43 நாள் ஆச்சு. ரூம் வாடகைப் பங்கு, மெஸ், போன் ரீசார்ஜ், இன்டர்வியூவுக்கு அலையுற பஸ் காசு எல்லாத்துக்கும் சேர்த்து அக்கா 20,000 ரூபாய் அனுப்பினாங்க. அந்தப் பணம் எங்கே இருந்து வந்துச்சுன்னு நான் கேட்கலை. தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ அக்கா கழுத்துல செயின் இல்லை. அடகுக் கடையில இருந்து அதை மீட்க எனக்கு எட்டு மாசம் ஆச்சு.

வேலை இல்லாத அந்த நாள்ல ஒருநாள் ராத்திரி சும்மா சாப்பாட்டு ஆப்பைத் திறந்து பழைய ஆர்டர் எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தேன். 11 மாசத்துல 38,000 ரூபாய்க்கு மேல. அதுல பாதியை ஒதுக்கி வெச்சிருந்தாலே அக்கா செயின் அக்கா கழுத்துலயே இருந்திருக்கும். எதையாவது பெருசா வாங்கித் தின்னிருந்தாலாவது ஞாபகம் இருக்கும். எல்லாமே பர்கர், ரோல், ஃப்ரைடு ரைஸ். ஒண்ணுகூட ஞாபகம் இல்லை.

காண்ட்ராக்ட்ல இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் இந்த ரிஸ்க்னு நினைக்காதீங்க. நம்ம பக்கத்துலயே உதாரணம் இருக்கு. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கின நோக்கியா ஆலை ஒரு காலத்துல ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை கொடுத்துச்சு. 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்னுடுச்சு. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையை மூடப்போறதா 2021 செப்டம்பரில் அறிவிச்சாங்க, 2022-ல் உற்பத்தி நின்னுச்சு. பெர்மனன்ட் ஆட்களும் அந்த ரெண்டு இடத்துலயும் இருந்தாங்க. கம்பெனி பெரிசுங்கறது நம்ம அவசர நிதிக்கு மாற்று ஆகாது.

பில்லைப் பிரிச்சுப் பார்ப்போம்

ஆப்ல ஒரு வெஜ் பர்கர் 149 ரூபாய்னு காட்டுது. கடைசியில எவ்வளவு கட்டுறோம்? ஒரு மாதிரி பில் போடுறேன். உங்க போன்ல இருக்கிற பில்லோட ஒப்பிட்டுக்கோங்க.

- பர்கர்: 149
- பேக்கிங்: 15
- டெலிவரி கட்டணம்: 35
- பிளாட்ஃபார்ம் கட்டணம்: 12
- சாப்பாட்டுக்கும் பேக்கிங்குக்கும் 5% ஜிஎஸ்டி: 8.20
- டெலிவரி, பிளாட்ஃபார்ம் கட்டணத்துக்கு 18% ஜிஎஸ்டி: 8.46

மொத்தம் ஏறக்குறைய 228 ரூபாய். பர்கர் விலைக்கு மேல 79 ரூபாய். அந்த 79-ல் ஒரு ரூபாய்கூட உங்க வயித்துக்குள்ள போகலை.

இதுல பிளாட்ஃபார்ம் கட்டணத்தைக் கொஞ்சம் கவனிங்க. 2023-ல் ஸ்விக்கியும் ஜொமேட்டோவும் ஆர்டருக்கு 2 ரூபாய்னுதான் ஆரம்பிச்சாங்க. ரெண்டு ரூபாய்தானேன்னு யாரும் பெருசா எடுத்துக்கலை. ரெண்டு வருஷத்துல அது 10 ரூபாயைத் தாண்டிடுச்சு. சின்னச் சின்னதா ஏறுற செலவு கண்ணுல படாது, வருஷக் கடைசியில கூட்டிப் பார்த்தாத்தான் தெரியும்.

வாரத்துக்கு ரெண்டு ஆர்டர்னா மாசம் எட்டு. 228 × 8 = 1,824 ரூபாய்.

பர்கர் பேட்டி ஒண்ணும் புது விஷயம் இல்லை

வெஜ் பர்கர்ங்கறது மேலே ஒரு பன், கீழே ஒரு பன், நடுவுல ஒரு கட்லெட். அந்தக் கட்லெட்டைத்தான் பேட்டின்னு சொல்றாங்க. வேகவெச்ச பயறை மசிச்சு, உதிராம இருக்க ஏதாவது ஒரு மாவைச் சேர்த்து, தட்டிப் பொரிக்கிறது நமக்கு மசால் வடை காலத்துல இருந்து தெரிஞ்ச வேலை. செட்டிநாட்டுப் பக்கம் கோலா உருண்டைக்குப் பொட்டுக்கடலை மாவு சேர்த்துத்தான் உருட்டுவாங்க. அது உருண்டையை உடையாமப் பிடிச்சு வைக்கும். அதே டெக்னிக்கைத்தான் நாமும் பயன்படுத்தப் போறோம்.

1982-ல் லண்டனில் கிரிகரி சாம்ஸ்னு ஒருத்தர் 'வெஜிபர்கர்'னு பெயர் வெச்சு ஒரு பாக்கெட்டைக் கடைக்குக் கொண்டுவந்தார். அது உறைய வெச்ச பேட்டி கிடையாது, உலர்ந்த மாவுக் கலவை. தண்ணி ஊத்திப் பிசைஞ்சு, தட்டி, பொரிச்சுக்கணும். ஃப்ரிட்ஜ் இல்லாத ரூமுக்கு இந்த ஐடியா ரொம்பப் பொருந்தும், அதைக் கீழே சொல்றேன்.

இந்தியாவுல மெக்டொனால்ட்ஸ் முதல் கடை 1996 அக்டோபரில் டெல்லியில் திறந்துச்சு. நம்ம ஆட்கள் அதிகம் சாப்பிட்ட ஆலு டிக்கி பர்கருக்குள்ள இருக்கிறது உருளைக்கிழங்கும் பட்டாணியும்தான். அதாவது, நாம ஆப்ல காசு கொடுத்து வாங்குற பெரும்பாலான வெஜ் பர்கரில் இருக்கிறதைவிட அதிகப் பருப்பை வீட்டுப் பேட்டியில நாம போட முடியும்.

12 பேட்டிக்கான பொருள் பட்டியல்

நாம ப்ரொடக்‌ஷன் ஆட்கள். அதனால ரெசிப்பியைப் பொருள் வாரியா காஸ்டிங் போட்டே பார்ப்போம். விலையெல்லாம் நான் வாங்குற மளிகைக் கடைக் கணக்கு. உங்க கடை விலையைப் போட்டுத் திருத்திக்கோங்க.

- கொண்டைக்கடலை 250 கிராம் (கறுப்பு, வெள்ளை எதுவானாலும் சரி): 30 ரூபாய்
- சாமை அரிசி 100 கிராம்: 12 ரூபாய்
- பொட்டுக்கடலை 50 கிராம்: 7 ரூபாய்
- பெரிய வெங்காயம் 2, கேரட் 1: 15 ரூபாய்
- இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், கொத்தமல்லி, மிளகாய்த்தூள், சீரகத்தூள், கரம் மசாலா, உப்பு: 15 ரூபாய்
- எண்ணெய் 80 மில்லி: 13 ரூபாய்
- கேஸ்: 12 ரூபாய்

மொத்தம் 104 ரூபாய். 12 பேட்டி. ஒண்ணு 9 ரூபாய்க்குள்ள வருது.

பர்கரா மாத்த, பன் ஒண்ணு 10 ரூபாய் (நாலு பன் பாக்கெட் 40), தக்காளி, வெள்ளரி, வெங்காயம் 4 ரூபாய், கெட்டித் தயிர்ல புதினா அரைச்சுக் கலந்த சட்னி 3 ரூபாய். ஆக, ஒரு பர்கர் 26 ரூபாய். சீஸ் ஸ்லைஸ் வேணும்னா கூட 15 ரூபாய் சேரும், 41 ஆகும். சேர்த்துக்கோங்க, தப்பில்லை. 41-க்கும் 228-க்கும் நடுவுல இன்னும் நிறைய தூரம் இருக்கு.

சாமை இல்லைன்னா வரகு, குதிரைவாலி எதையும் போடலாம். ரூம்ல மிச்சம் இருக்கிற சாதமும் ஓகே. கொண்டைக்கடலைக்குப் பதிலா காராமணி போட்டா இன்னும் சீக்கிரம் வேகும்.

ஒரு எச்சரிக்கை. ராஜ்மா பயன்படுத்துறதா இருந்தா ராத்திரி முழுக்க ஊறவெச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, குக்கரில் நல்லா வேகவைங்க. அரைவேக்காட்டு ராஜ்மாவில் இருக்கிற ஒரு நச்சுப் புரதம் வாந்தி, வயித்துப்போக்கை உண்டாக்கும். கெட்டிலில் சுடுதண்ணி ஊத்தி ஊறவைக்கிற வேலையெல்லாம் ராஜ்மாகிட்ட வேண்டாம்.

செய்முறை

1. சனிக்கிழமை ராத்திரி தூங்குறதுக்கு முன்னாடி கொண்டைக்கடலையை ஊறப்போடுங்க. இதுக்கு ரெண்டு நிமிஷம்.

2. காலையில தண்ணியை மாத்தி, கொஞ்சம் உப்புப் போட்டுக் குக்கரில் 5, 6 விசில். விரலால அழுத்தினா நசுங்கணும், ஆனா குழைஞ்சு கூழாகக் கூடாது.

3. வெந்த கடலையை வடிகட்டுங்க. வடிச்ச தண்ணியைக் கொட்டாதீங்க, அன்னிக்கு ரசம் வைக்க ஆகும். கடலையை ஒரு தட்டுல பரப்பி, ஃபேன் கீழே 15 நிமிஷம் வைங்க. மேல் ஈரம் காயணும்.

4. சாமைக்கு ரெண்டு மடங்கு தண்ணி. வேகவெச்சு ஆறவைங்க.

5. பொட்டுக்கடலையை மிக்ஸியில பொடி பண்ணுங்க. வெங்காயத்தைப் பொடியா நறுக்கி, இஞ்சி, பூண்டு, மிளகாய், துருவின கேரட்டோட எண்ணெய்ல வதக்குங்க. தண்ணி முழுசா வத்துற வரைக்கும் வதக்கணும். கடைசியில மசாலாத்தூள் போட்டு ஒரு நிமிஷம் பிரட்டி இறக்குங்க.

6. கடலையை மத்து வெச்சோ கையாலயோ மசிங்க. முக்கால்வாசி மசிஞ்சாப் போதும், கால்வாசி அரைகுறையாக் கிடக்கட்டும். அதுல சாமை, வதக்கினது, கொத்தமல்லி, பொட்டுக்கடலை மாவு எல்லாம் போட்டுப் பிசைங்க. உப்பு பாருங்க.

7. ஃப்ரிட்ஜ் இருந்தா அரை மணி நேரம் உள்ளே வைங்க. பிறகு 12 பங்கா பிரிச்சு, பன் அகலத்துக்கு, ஒரு விரல் தடிமனுக்குத் தட்டுங்க.

8. தோசைக்கல்லை மிதமான சூட்டுல வெச்சு, கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு பக்கம் 4, 5 நிமிஷம். அடிப்பக்கம் சிவந்து கல்லை விட்டுத் தானா கிளம்பும்போதுதான் திருப்பணும். ஒரே ஒரு தடவைதான் திருப்பணும்.

கை வேலை மொத்தம் சுமார் ஒரு மணி நேரம். மத்ததெல்லாம் ஊறுற, வேகுற நேரம். அந்த நேரத்துல நீங்க துணி துவைச்சுக்கலாம்.

ரிஜெக்‌ஷன் ஏன் வருது?

முதல் தடவை நான் செஞ்சப்போ 12-ல் 7 கல்லுலயே உதிர்ந்துடுச்சு. ரூம்மேட்ஸ் அதைச் சாதத்துல போட்டுப் பிசைஞ்சு "கொண்டைக்கடலைப் பொரியல் நல்லா இருக்குடா"ன்னு சாப்பிட்டாங்க. காரணத்தைத் தேடினப்போ எல்லாம் ஒரே இடத்துல போய் நின்னுச்சு. ஈரம்.

கடலை சரியா வடியலைன்னா ஈரம். வெங்காயத்தைப் பச்சையாப் போட்டா, உப்புப் பட்டதும் அது தண்ணி விடும். சாமை சூடா இருக்கும்போதே கலந்தா ஆவி தண்ணியாகும். இதுல எது நடந்தாலும் பேட்டி நிக்காது. தீர்வு, மேல சொன்ன மாதிரி ஒவ்வொண்ணையும் தனித்தனியா உலர்த்தி, ஆறவெச்சுக் கலக்கிறது. கலவை கையில ஒட்டிச்சுன்னா இன்னும் ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு. ரொம்ப வறண்டு வெடிச்சா ஒரு ஸ்பூன் கடலை வேகவெச்ச தண்ணி.

லைன்ல ஃபர்ஸ்ட் பீஸ் அப்ரூவல் இல்லாம நாம லாட்டை ஓட்ட மாட்டோம் இல்லையா? அதே மாதிரி, முதல்ல ஒரே ஒரு பேட்டி தட்டிக் கல்லுல போட்டுப் பாருங்க. உப்பு, காரம், உதிருதா நிக்குதான்னு எல்லாம் அந்த ஒரு பீஸ்லயே தெரிஞ்சுடும். சரி பண்ணிட்டு மீதி பதினொண்ணைப் போடுங்க.

மிச்சப் பேட்டிகளை ஆறினதும் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைங்க. சமைச்சு ரெண்டு மணி நேரத்துக்குள்ள உள்ளே போயிடணும், நம்ம ஊர் வெயிலுக்கு வெளியே விட்டா கெட்டுப்போகும். ஃப்ரிட்ஜில் மூணு நாள். ஃப்ரீசரில் ஒவ்வொண்ணுக்கும் நடுவுல பட்டர் பேப்பர் வெச்சு அடுக்கினா ரெண்டு, மூணு வாரம். வேணும்கிறப்போ எடுத்து நேரா தோசைக்கல்லுல போட்டு, மூடி போட்டு, உள்ளே வரைக்கும் நல்லா சூடாக்கிச் சாப்பிடுங்க.

ஃப்ரிட்ஜே இல்லைங்கறவங்களுக்கு

நம்ம பக்கம் நிறைய ரூம்ல ஒரு இண்டக்‌ஷன் அடுப்பும் ஒரு கடாயும்தான் இருக்கும். உங்களுக்கு லண்டன்காரர் ஐடியா. பச்சைப்பயறு 200 கிராமை வாசம் வர்ற வரைக்கும் வறுங்க. கெட்டி அவல் 100 கிராமை லேசா வறுங்க. பொட்டுக்கடலை 100 கிராம். மூணையும் ஆறவெச்சு மிக்ஸியில ரவை பதத்துக்கு அரைங்க. உப்பு, மிளகாய்த்தூள், சீரகத்தூள், கரம் மசாலா கலந்து ஈரம் இல்லாத டப்பாவில் மூடி வைங்க. ஒரு மாசம் தாங்கும். மிக்ஸி இல்லைன்னா ஊருக்குப் போறப்போ வீட்ல அரைச்சு எடுத்துட்டு வந்துடுங்க.

சாப்பிடணும்னு தோணும்போது ஒருத்தருக்கு அஞ்சாறு ஸ்பூன் மாவு. சுடுதண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுப் பிசைஞ்சு, கால் மணி நேரம் மூடி வைங்க. மாவு தண்ணியை உறிஞ்சிக் கெட்டியாகும். பொடியா நறுக்கின வெங்காயம் சேர்த்துத் தட்டி, குறைஞ்ச சூட்டுல மூடி போட்டு ரெண்டு பக்கமும் 5, 6 நிமிஷம் வேகவைங்க. வறுத்தது பயறோட வாசத்துக்குத்தான், அதனால உள்ளே நல்லா வேகணும், அவசரப்படாதீங்க.

ஹாஸ்டல்ல இருக்கிறவங்க என்ன பண்றது? 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் சார்பா 18,720 பேர் தங்குற விடுதியைத் திறந்தாங்க. அந்த மாதிரி பெரிய விடுதிகள், கம்பெனி ஹாஸ்டல்களில் ரூமுக்குள்ள சமைக்கிறது சாத்தியம் இல்லை. ரூல்ஸை மீறி இண்டக்‌ஷன் எடுத்துட்டுப் போகாதீங்க, 200 ரூபாய் மிச்சம் பண்ணப் போய் இடத்தை இழக்க வேண்டாம். உங்களுக்கு இந்தப் பதிவோட கடைசிப் பகுதி மட்டும் போதும்.

சத்து எவ்வளவு?

புரோட்டீன் கணக்கு நிறைய பேர் கேட்பீங்க. இந்த அளவுல ஒரு பேட்டிக்குச் சுமார் 5 முதல் 6 கிராம் புரதம் வரும். ஒரு முட்டை அளவு. பன்னோட சேர்த்தா 9, 10 கிராம். ஜிம் போறவங்களுக்கு இது மட்டும் பத்தாது, ஆனா உருளைக்கிழங்கு பேட்டியைவிட நல்லாவே மேல.

பருப்பும் தானியமும் சேர்க்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கு. தானியத்துல லைசின்ங்கற அமினோ அமிலம் குறைவு, பருப்புல அது நிறைய. பருப்புல குறைவா இருக்கிற மெத்தியோனின் தானியத்துல இருக்கு. ஒண்ணோட குறையை இன்னொண்ணு நிரப்பும். இட்லி, பொங்கல், அடைன்னு நம்ம சமையல்ல இந்த ஜோடி எப்பவுமே இருந்திருக்கு. அடையை நடுவுல வெச்சு மேலே கீழே பன் வெச்சதா நினைச்சுக்கோங்க.

இப்போ நிஜக் கணக்கு

ஒரு பர்கருக்கு 228 - 26 = 202 ரூபாய் மிச்சம். 12 பேட்டிக்கு 2,424 ரூபாய் மிச்சம்னு தம்ப்நெயில்ல போட்டா வீடியோ நல்லா ஓடும். ஆனா அந்தக் கணக்கு பொய்.

ஏன்? நீங்க ஆப்ல ஆர்டர் பண்ண இருந்த ஒரு பர்கருக்குப் பதிலா வீட்டுப் பர்கர் சாப்பிட்டாத்தான் 202 ரூபாய் மிச்சம். கேன்டீன்ல சாப்பிட வேண்டிய நாள்ல ஆசைப்பட்டு ரூம்ல பர்கர் செஞ்சா 26 ரூபாய் செலவு, மிச்சம் பூஜ்யம். ராத்திரி சாப்பிட்ட பிறகு டிவி பார்த்துக்கிட்டே இன்னொண்ணு சாப்பிட்டாலும் அதே கதைதான். மாத்தினா மிச்சம், சேர்த்தா செலவு. வீட்ல காபி போடறேன்னு மெஷின் வாங்குறதுல இருந்து, பெட்ரோல் மிச்சம்னு எலெக்ட்ரிக் வண்டி வாங்குறது வரைக்கும் எல்லாச் சேமிப்புக் கணக்குக்கும் இந்தக் கேள்வியைக் கேளுங்க. இது எதை மாத்துது?

அதனால நான் எட்டு ஆர்டரையும் நிறுத்தச் சொல்லலை. மூணு ஆர்டர் அப்படியே இருக்கட்டும். பிறந்தநாள் வரும், மேட்ச் வரும், நிஜமாவே முடியாத நாள் வரும். அஞ்சை மட்டும் மாத்துங்க. 202 × 5 = 1,010. மாசம் ஆயிரம் ரூபாய்.

நேரத்தையும் கணக்குல வைக்கணும். ஞாயிற்றுக்கிழமை ஓடி கிடைச்சா, சட்டப்படி அதுக்கு ரெண்டு மடங்கு சம்பளம். அன்னிக்கு ஓடிக்குப் போறதுதான் லாபம்னா போங்க, அடுத்த வாரம் சமைச்சுக்கலாம். ரூம்ல நாலு பேர் இருந்தா வாரம் ஒருத்தர்னு முறை வெச்சுக்கோங்க. மாசத்துக்கு ஒரு மணி நேரம்தான் உங்க பங்கு. ஒரு பேட்ச்ல ஆளுக்கு மூணு பர்கர் வரும்.

மிச்சம் தானா சேமிப்பு ஆகாது

இதுதான் முக்கியமான பகுதி. நீங்க பர்கர் ஆர்டர் பண்ணலைன்னு 202 ரூபாய் அக்கவுன்ட்ல அப்படியே கிடக்கும்னு நினைக்கிறீங்களா? கிடக்காது. மறுநாள் டீக்கடையில கொஞ்சம், யூபிஐ-ல் கொஞ்சம், ஏதோ ஆஃபர்ல ஒரு டீ-ஷர்ட்னு மாசக் கடைசிக்குள்ள கரைஞ்சுடும். சமைச்ச கஷ்டம் மட்டும் நம்மளோடது.

அதனால ரெண்டு வேலை பண்ணுங்க.

ஒண்ணு, சம்பளம் வர்ற தேதிக்கு மறுநாள் 1,000 ரூபாய் தானா பிடிக்கிற மாதிரி உங்க பேங்க் ஆப்லயே ஒரு வருஷ ஆர்டி போடுங்க. மாசக் கடைசியில மிஞ்சினதைப் போடலாம்னு நினைச்சா எப்பவும் மிஞ்சாது. முதல்ல ஆயிரம் போயிட்டா, மிச்சத்துக்குள்ள செலவை அடக்கணும்ங்கற கட்டாயம் வரும். அப்பதான் சனிக்கிழமை ராத்திரி கொண்டைக்கடலை ஊறவைக்கிற ஞாபகமும் வரும்.

ரெண்டு, ஒரு வருஷம் முடிஞ்சு வர்ற 12,000 சொச்சத்தை எடுத்து போன் மாத்தாதீங்க. அதுதான் உங்க அவசர நிதியோட முதல் செங்கல். பொதுவா மூணு முதல் ஆறு மாசச் செலவு கையில இருக்கணும்னு சொல்வாங்க. அவ்வளவு பெரிய தொகையைக் கேட்டதும் மலைச்சுப்போய் நிறைய பேர் ஆரம்பிக்கவே மாட்டாங்க. முதல் இலக்கு ஒரு மாசச் செலவு. அதை எஃப்டியில போடுங்க, தேவைப்பட்டா உடைக்கலாம். பங்குச் சந்தையில போடாதீங்க, வேலை போற அதே நேரத்துல சந்தையும் இறங்கியிருக்கலாம். பேங்க் டெபாசிட்டுக்கு ஒரு பேங்குக்கு 5 லட்சம் ரூபாய் வரைக்கும் காப்பீடு இருக்கு.

அந்த ஒரு மாசச் செலவு சேர்ந்த பிறகு நீண்ட காலத்துக்கு யோசிக்கலாம். போஸ்ட் ஆபீஸ் அஞ்சு வருஷ ஆர்டி மாசம் 100 ரூபாயில் இருந்தே தொடங்கலாம். 2023 அக்டோபரில் அதோட வட்டியை 6.7 சதவீதமா நிர்ணயிச்சாங்க. அந்த வட்டியில மாசம் 1,000 போட்டா, 60 மாசத்துல நீங்க கட்டினது 60,000, கைக்கு வர்றது சுமார் 71,300. காலாண்டுக்கு ஒருமுறை அரசு வட்டியை மறுபரிசீலனை செய்யும், அதனால கணக்குத் தொடங்குற அன்னிக்கு என்ன வட்டின்னு கேட்டுக்கோங்க. தொடங்கும்போது இருக்கிற வட்டிதான் முழு அஞ்சு வருஷத்துக்கும்.

ஹாஸ்டல்ல இருக்கிறவங்களுக்கும் இந்த வழி பொருந்தும். பர்கர் செய்ய முடியாட்டி பரவாயில்லை. ஆப்பைத் திறந்து போன மாச ஆர்டரைக் கூட்டுங்க. எது ஞாபகமே இல்லையோ, அந்த ஆர்டர்களை மட்டும் அடுத்த மாசம் விடுங்க. ஞாபகம் இருக்கிறதை வெச்சுக்கோங்க. அந்தத் தொகைக்கு ஆர்டி போடுங்க.

முடிவா

12,000 ரூபாய் பெரிய தொகையான்னு கேட்டா, வேலை இருக்கிறப்போ இல்லை. என் 43 நாளுக்கு அக்கா அனுப்பினது 20,000. அதுல பாதிக்கு மேல இந்த அஞ்சு பர்கரே கொடுத்திருக்கும். செயினை முழுசா காப்பாத்தியிருக்க முடியாதுன்னு வெச்சுக்கிட்டாலும், சின்னத் தொகைக்கு அடகு வெச்சிருப்பாங்க, எட்டு மாசம் வட்டி கட்டியிருக்க மாட்டேன்.

போன மாசம் அக்கா குடும்பத்தோட இங்கே வந்திருந்தாங்க. ஞாயிற்றுக்கிழமை. 12 பேட்டி போட்டேன், ஒண்ணுகூட உதிரலை. அக்கா ஒரு வாய் கடிச்சுட்டு, "இது நம்ம மசால் வடைடா, பன்னுக்குள்ள வெச்சிருக்க"ன்னு சொன்னாங்க. சரிதான்னு சொன்னேன்.

இந்த வாரம் நீங்க பண்ண வேண்டியது ரெண்டே விஷயம். இன்னிக்கு ஆப்பைத் திறந்து போன மாச ஆர்டரைக் கூட்டுங்க. சனிக்கிழமை ராத்திரி கால் கிலோ கொண்டைக்கடலை ஊறப்போடுங்க. பேட்டி உதிர்ந்தா கவலைப்படாதீங்க, சாதத்துல போட்டுச் சாப்பிடலாம். ஆர்டியை மட்டும் விட்டுடாதீங்க.

செய்முறையை முழுசா சேனல்ல வீடியோவா போட்டிருக்கேன், உதிர்ந்த அந்த ஏழு பேட்டியையும் சேர்த்து.